பேசக்கூடாத நேரம்

என் தங்கச்சி தன்னைத் தானே நிர்வாகம் செய்துகொள்ளப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் அவள் அறையில் போய் விழுந்தேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அது நிஜமாகவே ஒரு பாடம். வணிக மேலாண்மைப் படிப்பில் முதல் வருஷம் ‘சுய மேலாண்மையும் தனிமனித நலமும்’ என்று ஒரு பேப்பர் இருக்கிறது. அதற்கு மார்க் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு, ஃபெயில் ஆனால் திரும்ப எழுதவும் வேண்டும். எப்போது தூங்குவது, எப்படி மூச்சு விடுவது, யாரிடம் எந்தக் குரலில் ‘முடியாது’ என்று சொல்வது, எல்லாம் சொல்லித் தருகிறார்களாம்.

“மூச்சு விடறதுக்கு ஃபீஸ் கட்டியா படிக்கிறே?” என்று கேட்டேன்.

“ஒழுங்கா விடத் தெரியாமத்தானே பாதிப் பேர் ஆஸ்பத்திரில கிடக்கறாங்க” என்றாள். வாய்க்கு மட்டும் அவளுக்கு எந்தப் பாடமும் தேவையில்லை.

வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்றுதான் பெயர். பல் விழுந்து முளைக்கிற வயசிலேயே வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கி, யார் முதலில் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு போடுவாள். இப்போது அதற்கே பட்டம் வாங்கப் போகிறாள் என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மேனேஜரின் ஆபீஸ், கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த, மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டவ், துணி காயப்போட ஒரு கொடி. அலமாரிக் கதவில் ஒரு வெள்ளைப் பலகையை ஒட்டி, அதில் வாரம் முழுவதையும் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். வகுப்பு சிவப்பு, படிப்பு நீலம், ஓய்வு பச்சை. ஓய்வுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிற பெண்ணை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த நேரம் வந்ததும் அரக்கப்பரக்க ஓடி வந்து படுத்து ஓய்வெடுப்பாள்.

ஆனால் நான் பையோடு போய் நின்ற அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பையின் கனத்தைப் பார்த்தாள், உள்ளே போய் அன்றைய மாலைக் கட்டங்களை உள்ளங்கையாலேயே துடைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது மொத்தமும் உடைந்து நான் அழ, என்னைப் பார்த்து அவளும் அழ, அவள் கையில் கட்டியிருந்த வாட்ச் நடுவில் புகுந்து கிர்ரென்று துடித்தது. அதுவும் அந்தப் பாடத்துக்காகக் கொடுத்ததுதான். ‘உங்கள் இதயத் துடிப்பு அதிகமாக இருக்கிறது, ஒரு நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள்’ என்று திரையில் எழுத்து ஓடியது. இரண்டு பேருக்கும் அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு அவள் மேல் கோபம் வருவதில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி. அவர் வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பார். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது நான். கல்யாணமானதிலிருந்து அதுதான் என் வேலை. அவர் அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், வேறு எந்தப் பழக்கமும் கிடையாது. பேச மாட்டார், அவ்வளவுதான். எல்லோரிடமும் அல்ல, என்னிடம் மட்டும். திடீரென்று ஒரு நாள் பேச்சை நிறுத்துவார். ஏன் என்று சொல்ல மாட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது, “அவங்ககிட்ட அந்தக் கறுப்பு ஃப்ரேமை எடுத்துத் தரச் சொல்லுங்க” என்று அந்த வாடிக்கையாளரிடம் சொல்லுவார். நான் எட்டு அடி தள்ளி நிற்பேன். வாரக்கணக்கில் போகும், சில தடவை மாசக்கணக்கில். பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, “டீ இருக்கா?” என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதை நினைத்தால்தான் எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது.

கடைசியாக நடந்தது இதுதான். மேல்தட்டிலிருந்து ஃப்ரேம் பெட்டிகளை இறக்கும்போது ஸ்டூல் சரிந்து நான் கீழே விழுந்தேன். முழங்கை தரையில் மோதிய சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து வந்தார். குனிந்தார். சிதறிக் கிடந்த ஃப்ரேம்களை ஒவ்வொன்றாக எடுத்து, வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். “அடி பட்டுச்சா” என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

இதை அம்மாவிடம் போனில் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“அடிச்சாரா?”

“இல்லம்மா.”

“குடிச்சிட்டு வந்து ரகளை பண்றாரா?”

“இல்ல.”

“வேற யாராவது பொம்பளை...?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல.”

“பின்ன என்னதான்டி?”

“பேச மாட்டேங்கறாரும்மா.”

அம்மா, “உங்கப்பா வாயை மூட மாட்டாரான்னு நான் ஏங்கினேன். ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு ஏக்கம்” என்றாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வளைந்த ஃப்ரேமைக் காட்டினால் எல்லோருக்கும் புரியும். இதில் காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

தங்கச்சிக்குப் புரிந்தது. முதல் சில நாள் அவள்தான் எனக்குக் காது. நானும் பேசினேன், அப்படிப் பேசினேன். மூடி வைத்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. அவள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். மாடிப்படியில் பார்த்த பூனையைப் பற்றி, பால் பாக்கெட் கிழிந்ததைப் பற்றி, அவரைப் பற்றி, திரும்பவும் பூனையைப் பற்றி. விளக்கை அணைத்த பிறகும் தரையில் படுத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பேன். அவள் ‘ம்’ கொட்டுவாள். ‘ம்’ நின்றால், “தூங்கிட்டியா?” என்று கேட்பேன். “இல்லக்கா, சொல்லு” என்பாள். நல்ல பிள்ளை. எத்தனையோ தடவை அவளை அப்படி எழுப்பியிருக்கிறேன்.

அவளுக்கு அது முக்கியமான சமயம். ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், வகுப்பிலிருந்து இரண்டொருவருக்குத்தான் கிடைக்கும், கிடைத்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று சொல்லியிருந்தாள். அதற்கு வகுப்பிலேயே ஒத்திகை நேர்காணல் வைப்பார்களாம். ஒரு சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, இன்னைக்கு ஒரே காமெடி. உங்க பலவீனம் என்னன்னு கேட்டாரு. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கொட்டாவி வந்துடுச்சு. அவ்வளவு பெரிய கொட்டாவி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க.” நானும் சிரித்தேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வாட்ச் அவள் தூக்கத்தை போனில் படமாகப் போட்டுக் காட்டும். அவளே ஒரு நாள் விளையாட்டாகக் காட்டினாள். மேலும் கீழுமாக ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் பொத்தென்று விழுந்து, அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான் வந்த நாள் எது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

அடுத்த வாரம் பலகையில் ஒரு புது நிறம் வந்தது. கறுப்பு. ‘பேசக்கூடாத நேரம்’ என்று எழுதி, சாயங்காலத்திலிருந்து படுக்கிற வரைக்கும் கட்டம் கட்டியிருந்தாள்.

அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, அதுவும் பாடத்தில் வருவதுதான். எதிராளியைக் குற்றம் சொல்லக்கூடாது, தன் தேவையை மட்டும் சொல்ல வேண்டும். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்குக் கொஞ்ச நேரம் அமைதி தேவைப்படுது. நீ பேசறது தப்புன்னு நான் சொல்லல. எனக்கு அந்த நேரம் வேணும். அவ்வளவுதான்.”

“இதுல என்னடி இருக்கு, நல்லாப் படி” என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் ஸ்டவ் பக்கத்தில் சத்தம் வராமல் பாத்திரம் கழுவினேன். சத்தம் வராமல் கழுவ எனக்கு நன்றாகத் தெரியும். தட்டைத் தட்டின் மேல் வைக்கும்போது நடுவில் விரலைக் கொடுக்க வேண்டும். அப்படி விரலைக் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்தபோது அந்த முதுகு கண்ணில் பட்டது. எதை விட்டு ஓடி வந்தேனோ அதையே இந்தப் பிள்ளை மார்க்குக்காகப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் துடித்துப் போவாள். அதனால் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். கீழே வீட்டுக்கார அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பார்.

“இன்னும் லீவு முடியலையா?”

“இல்லம்மா, கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகுது.”

“அறை ஒருத்தருக்குத்தான் விட்டேன். தண்ணி ரெண்டு பேருக்கு ஓடுது” என்பார், செடியிடம் சொல்கிற மாதிரி.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். வேலை தேடினேன். அந்த ஊரில் கண்ணாடிக் கடைக்குக் குறைவில்லை. பெரிய கடை ஒன்றில் லென்ஸ் தேய்த்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கடைக்காரருக்குத் திருப்தி. “இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்றார்.

“என் வீட்டுக்காரர் கடையில.”

“அப்படியா? நம்பர் கொடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். வழக்கமா எல்லாருக்கும் கேட்கறதுதான்.”

அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதாம். நான் சிரித்துவிட்டேன், கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது கடையிலும் அதையே கேட்டார்கள். மூன்றாவது கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஒரு ஆள் வேலை பார்த்தாள் என்பதற்கு அவள் புருஷன்தான் சாட்சி என்றால், அந்தப் புருஷனை விட்டு வந்தவள் எங்கே போவாள்? இதை யாரிடம் கேட்பது? காது கொடுக்க வேண்டியவளுக்கு அது பேசக்கூடாத நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் உற்சாகமாக எழுந்தாள். பலகையை முழுக்கத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீ இப்படிக் குழம்பிக்கிட்டே இருந்தா உடம்பு கெட்டுடும். இன்னைக்கு ஒரு முடிவுக்கு வந்துடலாம். டெசிஷன் மேட்ரிக்ஸ்னு ஒண்ணு இருக்கு. பெரிய பெரிய கம்பெனிலயே இப்படித்தான் முடிவெடுக்கறாங்க.”

“நான் என்ன கம்பெனியா?”

“உக்காரு சொல்றேன்.”

இரண்டு வழி. திரும்பிப் போவது, போகாமல் இருப்பது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். எனக்கு எதெல்லாம் முக்கியம் என்று கேட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். தங்குகிற இடம். வேலை. அம்மா உடம்பு. தங்கச்சி படிப்பு. கடைசியில், அவளே கேட்டு வாங்கி எழுதியது, என் மனசு.

“இப்ப உன்கிட்ட நூறு இருக்கு. எது எவ்வளவு முக்கியமோ அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக் கொடு. அப்புறம் ஒவ்வொரு வழிக்கும் பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடுவோம். ரெண்டையும் பெருக்கிக் கூட்டினா பதில் வந்துடும். ஒரே ஒரு விதி. பதிலைப் பார்த்த பிறகு நூறைப் பிரிச்ச கணக்கை மாத்தக்கூடாது. மாத்தினா அது முடிவு இல்ல, சப்பைக்கட்டு.”

“நீ எவ்வளவு போடுவே?”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நடத்தறவங்க நடுநிலையா இருக்கணும்.”

நடுநிலையாம். மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள், அவ்வளவு நேராக. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

தங்கச்சி படிப்பு என்ற வரியைப் பார்த்தேன். அவள் கண்ணின் கருவளையத்தைப் பார்த்தேன். நாற்பது என்றேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினாள். அம்மா உடம்புக்கு முப்பது. இடத்துக்குப் பதினைந்து, வேலைக்குப் பத்து. என் மனசு என்ற வரி வந்தபோது கையில் ஐந்துதான் மீதி இருந்தது. யாருக்காவது பரிமாறி முடித்து, சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு மார்க் போடும் கட்டம். “திரும்பிப் போனா உன் மனசுக்குப் பத்துக்கு எவ்வளவு?” என்றாள். பூஜ்ஜியம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, பூஜ்ஜியம் போட்டால் அடி வாங்குகிறவளுக்கு என்ன போடுவது என்று ஒரு யோசனை வந்து குறுக்கே நின்றது. “நாலு போடு” என்றேன்.

அவள் மளமளவென்று பெருக்கினாள், கூட்டினாள். அடிக்கோடு போட்டாள். பிறகு அப்படியே நின்றாள்.

“மறுபடி கூட்டறேன்” என்றாள்.

மறுபடி கூட்டினாள். போனை எடுத்து அதிலும் கூட்டினாள். முகம் சுண்டிப் போய்விட்டது. திரும்பிப் போவது என்ற கட்டத்தில்தான் பெரிய எண் இருந்தது. கொஞ்சம் பெரியது அல்ல, ரொம்பப் பெரியது.

“உன் மனசுக்கு அஞ்சுதானாக்கா?” சின்னக் குரலில் கேட்டாள்.

“அவ்வளவுதான்டி மிச்சம் இருந்துச்சு.”

டஸ்டரைக் கையில் எடுத்தாள். துடைத்துவிடு என்று உள்ளுக்குள் கத்தினேன். சப்பைக்கட்டு கட்டு, ஏமாற்று, இந்தக் கணக்கு தப்பு என்று என்னைத் திட்டு, எனக்காக அந்த நடுநிலையைத் தூக்கிக் குப்பையில் போடு. வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்குவது வேறு, தானாக வருவது வேறு. பல வருஷமாகக் கேட்டு வாங்கிச் சலித்துப் போனவள் நான். பேசாமல் காத்திருந்தேன்.

அவள் டஸ்டரைக் கீழே வைத்தாள்.

“இது ஒரு வழிகாட்டிதான் அக்கா. முடிவு உன்னோடது.”

முடிவு உன்னோடது. கை கொடுக்க முடியாதவர்கள் எல்லோரும் கடைசியில் இதைத்தான் சொல்கிறார்கள், எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் அவள் தயங்கித் தயங்கி வந்தாள். “அக்கா, தப்பா நினைச்சுக்காதே. நாளைக்கு செய்முறைக்கு ஒரு நிஜமான முடிவைக் காட்டணும். நான் வேற எதுவும் பண்ணி வைக்கல. இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டா? யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்.”

“எடுத்துக்கோ” என்றேன். ‘தங்கச்சி படிப்பு’ என்பதை மட்டும் ‘உடன்பிறந்தவர் கல்வி’ என்று மாற்றி எழுதிவிட்டு எடுத்தாள். நல்ல மார்க் வந்தது. அசல் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரே செய்முறை இதுதான் என்று ஆசிரியர் பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மார்க் வந்த மறுநாள் மதியம், அவள் கல்லூரியில் இருந்த நேரத்தில், கடைக்கு போன் செய்தேன். அவர் எடுத்தார். “ஹலோ, கண்ணாடிக் கடை” என்று எவ்வளவு இனிமையான குரல். “நான்தான்” என்றேன். அதோடு அந்தக் குரல் நின்றது. போனைத் துண்டிக்கவில்லை, மேசை மேல் வைத்தார்; வைத்த சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடுவது கேட்டது. என் மெஷின். யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அழுத்திப் பிடித்து ஓட்டினார்கள், லென்ஸின் ஓரம் உடைந்திருக்கும். “நாளைக்கு வரேன்” என்று மெஷினிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் நான் பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி படியில் தடதடவென்று ஏறி வந்தாள். “அக்கா, கடைசிச் சுற்றுக்கு எடுத்துட்டாங்க! வர்ற வாரம் கம்பெனியிலயே இன்டர்வியூ!” என்று கதவைத் திறந்தவள் பையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“எங்க போறே?”

“போன் பண்ணிட்டேன்டி.”

“மாமா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. அதை விட்டுவிட்டு நான் கேட்டேன். நாடகத்துக்காகக் கேட்கவில்லை, அவளைச் சோதிக்கவும் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டேன்.

“சரி, நீ சொல்லு. நான் இங்கயே இருக்கட்டுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் ஒரு கணம் நான் படுக்கிற தரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

“இரு அக்கா” என்றாள். “இரு. எப்படியாவது பார்த்துக்கலாம்.”

மனசாரத்தான் சொன்னாள். பொய் இல்லை. ஆனால் என் கேள்விக்கும் அவள் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது. பேசாத மனுஷனோடு குடித்தனம் நடத்தினவள் நான். எந்த மௌனம் யோசனை, எந்த மௌனம் கோபம், எது சலிப்பு, எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் அந்த இடைவெளியில் கடைசிச் சுற்றை நினைத்தாள், தூக்கத்தை நினைத்தாள், வீட்டுக்கார அம்மாவை நினைத்தாள், பிறகு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு என்னை எடுத்துக்கொண்டாள். அவள் வயசில் அது பெரிய காரியம். எனக்குக் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் அந்த இடைவெளி நீளும், இன்னும் நீளும், ஒரு நாள் பதிலே வராது என்ற பயம். அவரிடம் அதைத் தாங்கிக்கொண்டேன். இவளிடம் என்னால் முடியாது.

சிக்கிய ஜிப்பை இழுத்து மூடினேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த நேரத்தையெல்லாம் ஒரே தெருவில் செலவழித்தாள். “நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். அந்த நூறையும் உன் மனசுக்கே போடச் சொல்லியிருக்கணும். அது கம்பெனிக்கு ஆகுமே தவிர மனுஷங்களுக்கு ஆகாதுக்கா. நில்லுக்கா. ஒரு வாரம் இரு, இன்டர்வியூ முடியட்டும், நானே எல்லாக் கடைக்கும் உன்கூட வரேன். சரின்னு சொல்லு. ஏதாவது சொல்லேன்.”

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நன்றாகச் சாப்பிடு, இன்டர்வியூவில் கொட்டாவி விடாதே, என் மேல் சத்தியமாக உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாயைத் திறந்தால் வார்த்தை வராது, கத்தல்தான் வரும் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“திட்டவாவது திட்டுக்கா. பேசாம மட்டும் போகாதே. நான் என்ன பண்ணேன்னாவது சொல்லிட்டுப் போ.”

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். ஃப்ரேம் போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருக்கும் கண்ணாடியில், நான் தினமும் பார்த்த என் சொந்த முகம். என்ன தப்பு செய்தோம், எப்போது செய்தோம் என்று தேடுகிற முகம். அது அவளுக்கு எப்படிப் போனது? நான்தான் கொடுத்தேன். அவளைத் தண்டிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு துளி எண்ணம் இல்லை, இருந்தும் கொடுத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். வரவில்லை. கம்பியில் இருந்த அவள் கையைத் தொடப் போனேன், அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.